மூன்று கார்டு இடைவெளி

மேட்டு உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அச்சகக்காரரின் மனைவிதான். பாதி மேட்டிலேயே வண்டியை விட்டு இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். பிக்கப் வண்டி கீழே வந்துகொண்டிருந்தது. முதுகில் இரண்டாயிரம் நோட்டுப் புத்தகங்கள். ஒரு தரம் இழுக்கும், ஒரு தரம் திக்கும், 'டப்' என்று ஒரு சத்தம் விடும், மறுபடி இழுக்கும். அதன் பின்னால் ஒரு பஸ். பஸ்ஸின் பின்னால் ஊரே வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வண்டி ஒருவழியாக அவளுக்குப் பக்கத்தில் வந்தபோது அச்சகக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏறு, ஏறு. சரியாயிடுச்சு."

"என்ன சரியாயிடுச்சு? மேடு முடிஞ்சுடுச்சு, அவ்வளவுதான்," என்றாள் அவள். "நீங்க மெதுவா வாங்க. நான் முன்னாடி போயி, நோட்டு வந்துக்கிட்டிருக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிடறேன்."

சொன்னபடியே அவள்தான் முன்னாடி போனாள்.

மூன்று மாதமாக இதே கூத்துதான். சமதரையில் வண்டி நன்றாகத்தான் ஓடும். பாரம் ஏற்றி மேட்டைக் காட்டினால் போதும், மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கிவிடும். நாலு சிலிண்டரில் எது எப்போது வேலைக்கு வரும், எது விடுப்பு எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் அச்சகக்காரருக்கு மூக்கு மேல் கோபம் வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் விட்டார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. சீட் முன்னால் தள்ளியிருந்தது, ரேடியோ வேறு ஸ்டேஷனில் இருந்தது, கிலோமீட்டர் எழுபது கூடியிருந்தது, டாஷ்போர்டுக்குள் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது. அன்று முடிவு செய்தார். இனிமேல் இந்த பானெட்டுக்குள் வேறு ஒருத்தன் கை படாது. அதன் பிறகு அந்தத் தெருவில் எந்த மெக்கானிக்காவது நடந்து போனால்கூட, அவர் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்.

எல்லா வேலையும் அவரே செய்தார். ஒன்றும் மோசமாகச் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதிலும் ஸ்பார்க் பிளக் விஷயத்தில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். அவற்றுக்கு இடையில் உள்ள சின்னச் சந்தில்தான் தீப்பொறி பறக்கும். 'கேப்' எனப்படும் அந்தச் சந்து இத்தனை என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் அளவு போட்டிருக்கிறது. அதை அளப்பதற்கு விசிறி போல விரியும் தகடுகள் கடையில் விற்கும். அவரிடமும் ஒன்று இருந்தது. அது தொலைவதற்கு முன்னால் ஒருநாள் தற்செயலாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். தம் அச்சகத்தின் விசிட்டிங் கார்டு மூன்றை அடுக்கினால், அதுதான் அந்த அளவு. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தகடு தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து, மூன்று கார்டை அடுக்கிச் சந்தில் நுழைத்து, முனையை மெல்லத் தட்டுவார். கார்டு எண்ணெய்ப் பிசுக்காகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று எடுத்துக்கொள்வார். அதற்குத்தானே அச்சகம் வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு நோட்டு போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு பானெட்டைத் திறந்தார். வீடு மாடியில், அச்சகம் கீழே. வண்டி நிற்பது அச்சகத்தின் பக்கவாட்டுச் சந்தில். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கையும் இன்ஜினும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

"என்ன பண்றீங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பிளக் கேப் ஏதோ நகர்ந்திருக்கு. சரி பண்றேன்."

"போன வாரமும் அதைத்தானே சரி பண்ணீங்க?"

"போன வாரம் நகர்ந்தது வேற, இது வேற."

கார்டு கொஞ்சம் இறுக்கமாகப் போனது. அவர் முனையை இன்னும் கொஞ்சம் நெம்பி, கார்டு சுகமாக உள்ளே போய் வரும்படி செய்தார். வேலை சுத்தம். மறுநாள் வண்டி மேட்டில் மட்டுமில்லை, பாலத்திலும் திக்கியது.

சரி, பிளக்குக்கு வயசாகிவிட்டது என்று முடிவு செய்து, பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புதுசாக நாலு வாங்கினார். கடைக்காரர் பழைய சிநேகிதர். பெட்டியை மேஜையில் வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேக்கணும். இது கம்பெனியிலயே கேப் வெச்சு வருது. நேரா மாட்டுங்க. தொடாதீங்க."

"யாரு வெச்சது?"

"கம்பெனிக்காரன் வெச்சது."

"அவன் என் வண்டியப் பாத்தானா?"

கடைக்காரர் யோசித்தார். "பாக்கல."

"அப்புறம்?" என்றார் அச்சகக்காரர். வழக்கம்போல, போகும் போது கடை மேஜையில் வைக்கத் தன் கார்டு பத்தை எடுத்துக் கொடுத்தார்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து விரலால் சுண்டினார். "பலே, கார்டு இப்பல்லாம் நல்லா விறைப்பா இருக்கே! முன்னெல்லாம் பையில வெச்சா வளைஞ்சுடும். இது மேஜையில தட்டினா சத்தம் வருது."

"நம்ம தரம் அப்படி," என்று சொல்லிவிட்டு, அச்சகக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாகப் புது பிளக் நாலையும் பெட்டியிலிருந்து எடுத்து மூன்று கார்டை நுழைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட நுழையவில்லை. கம்பெனிக்காரன் எத்தனை கவனக்குறைவாக இருக்கிறான் என்று தலையில் அடித்துக்கொண்டு, நாலையும் நெம்பிச் சரி செய்து மாட்டினார்.

வண்டி முன்பு எப்படித் திக்கியதோ அப்படியே திக்கியது.

அடுத்த சனிக்கிழமை பிளக் வயர்களை மாற்றினார். மாற்றும்போது மாடியிலிருந்து மனைவி ஏதோ கேட்க, அவர் நிமிர்ந்து பதில் சொல்ல, இரண்டாவதுக்குப் போக வேண்டியது மூன்றாவதுக்குப் போய்விட்டது. சாவியைத் திருப்பியதும் வண்டி ஓர் அதிர்ச்சியில் தூக்கிப் போட்டு, சைலன்சர் வழியாக ஒரு வெடி வெடித்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கையிலிருந்த போர்வையோடு உட்கார்ந்துவிட்டாள். அச்சகத்துக்குள்ளே கட்டிங் மெஷினில் இருந்த பெண்மணி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். இருபது வருஷமாக அங்கே காகிதம் வெட்டுகிறவள். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"இல்லம்மா. நீ போய் வேலையப் பாரு."

அவள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வயர் கோளாறு சரியானது. திக்கல் சரியாகவில்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. சந்து பெரிதாக இருந்தால் பொறியும் பெரிதாக இருக்கும் அல்லவா? பெரிய பொறி வந்தால் வண்டி ஏன் திக்கப்போகிறது? மூன்று கார்டுக்கு மேல் நாலாவதாக ஒரு கார்டைச் சேர்த்தார்.

அந்த வண்டி மறுநாள் காலையில் கிளம்புவதற்கே பத்து நிமிஷம் ஆனது. மருந்துக்கடைக்குக் கொண்டுபோன பில் புத்தகங்களை வழியில் ஒரு தள்ளுவண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. தள்ளுவண்டிக்காரர் முன்னால் போக, பிக்கப் அவருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கி ஊர்வலம் வந்தது. மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தவள் அவருடைய மனைவி. இந்தத் தடவையும் அவளே முன்னாடி போயிருந்தாள்.

அன்று சாப்பிடும்போது அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க," என்றாள், தட்டைப் பார்த்தபடியே. "வண்டிய வித்துடலாம்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஒரு ஆளு இருக்காரு. மெத்தைக் கடை வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. பிடிச்சிருந்தா எடுத்துக்கறாராம்."

"நீயே பேசி முடிச்சுட்டியா?"

"மெக்கானிக்கிட்ட விடுங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க. வண்டியும் நீங்க சொன்னா கேக்க மாட்டேங்குது. நான் எத்தனை நாளைக்கு நடக்கறது, சொல்லுங்க?"

அவள் நடந்த தூரம் அவருக்கும் தெரியும்.

ஆனால் அந்த வண்டி வேறு எந்த வண்டியாகவும் இருந்திருக்கலாமா என்ன? அச்சகத்தின் முதல் மெஷின் வந்தது அதில்தான். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதே சீட்டில்தான். அன்று அவர் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை, அன்றும் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்த மகளே இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இனி வண்டியையும் அனுப்பிவிட வேண்டுமா? முதல் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் வழி பிறந்தது.

வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிப் பார்க்கும்போது வண்டி படுமோசமாக இருந்தால்? மெத்தைக் கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். அப்புறம் மனைவி வேறு ஆளைத் தேட ஒரு மாதம் ஆகும். அதற்குள் திக்கலுக்கு ஏதாவது வைத்தியம் பார்த்துவிடலாம். யோசனை பிரமாதம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் வண்டியைக் கெடுக்கவும் வேண்டும், அதற்கு வலிக்கவும் கூடாது. நாலு கார்டு வைத்தால் கிளம்பவே கிளம்பாது. கிளம்பாத வண்டியைப் பார்த்தால், வேண்டுமென்றே செய்ததென்று மனைவி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். கிளம்ப வேண்டும், ஆனால் உயிரே இல்லாமல் ஓட வேண்டும்.

வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். சந்து குறைந்தால் பொறி பலவீனமாகும், வண்டி நடுங்கும், இழுவை இருக்காது என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. கெடுப்பதற்கு வழி சொல்லிக் கொடுத்த புத்தகத்தை நன்றியோடு மூடினார்.

சனிக்கிழமை சாயங்காலம், மனைவி தையல் வகுப்புக்குப் போயிருந்த நேரம். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. அவர் நாலு பிளக்கையும் கழற்றினார். கையில் மூன்று கார்டு. மூன்றில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். மிச்சம் இரண்டு.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு கார்டு. அவருக்கு ஒரு பாவம் செய்வது போலக் கை கூசியது.

"கோவிச்சுக்காத," என்று வண்டியிடம் சொன்னார். "ஒரு நாளைக்குத்தான். ஆளு போனதும் மறுபடி மூணு வெச்சுடறேன்."

இரண்டு கார்டு இறுக்கமாகப் பிடிக்கும்வரை முனைகளைத் தட்டித் தட்டி ஒடுக்கினார். நாலையும் மாட்டினார். கிளப்பிப் பார்க்க ஆசைதான். ஆனால் சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால் கதை கந்தலாகிவிடும் என்று சாவியைத் தொடாமல் மாடிக்கு ஏறினார். அன்று நன்றாகச் சாப்பிட்டார். மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மெத்தைக் கடைக்காரர் வந்தார். நல்ல பருமன், வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. கும்பிட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சைலன்சருக்குப் பின்னால் குனிந்து ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து, அந்த விரலை மோந்து பார்த்தார். மூக்கால் வண்டி வாங்குகிற மனுஷனை அச்சகக்காரர் அன்றுதான் பார்த்தார்.

"பானெட்டைத் திறக்கலாங்களா சார்?"

அச்சகக்காரர் மனைவியைப் பார்த்தார். வாங்க வந்தவர் கேட்டால் திறக்காமல் இருக்க முடியுமா? திறந்தார். மெத்தைக் கடைக்காரர் பையிலிருந்து சுத்தமான துணி ஒன்றை எடுத்து, வண்டியின் பக்கவாட்டில் விரித்துவிட்டு, அதன் மேல் சாய்ந்து உள்ளே பார்த்தார். மெத்தை விற்கிறவருக்கு, எங்கே சாய்ந்தாலும் ஒரு விரிப்பு கேட்கிறது போலிருக்கிறது என்று அச்சகக்காரர் நினைத்துக்கொண்டார்.

"கிளப்புங்க சார்."

அச்சகக்காரர் உள்ளே உட்கார்ந்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரே தொடலில் கிளம்பியது. கிளம்பியது மட்டுமில்லை. நடுக்கம் இல்லை, திக்கல் இல்லை, 'டப்' இல்லை. ஒரே சீரான சத்தம். டாஷ்போர்டின் மேல் வைத்திருந்த பேனாகூட ஆடவில்லை.

அச்சகக்காரர் சாவியையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடேங்கப்பா!" என்றார் மெத்தைக் கடைக்காரர். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவளும் குழப்பமாக அவரைப் பார்த்தாள். "மிஸ்ஸிங் அடிக்குதுன்னு சொன்னீங்களேம்மா?"

"நேத்து வரைக்கும் அடிச்சுதுங்களே," என்றாள் அவள்.

"சூடாகல இல்லையா, அதான்," என்று அச்சகக்காரர் அவசரமாகச் சொன்னார். "மேட்டுல ஏத்திப் பாருங்க, குணம் தெரியும்."

மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். மெத்தைக் கடைக்காரர் ஓட்டினார். தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. அச்சகக்காரர் கண்ணை மூடிக்கொண்டு திக்கலுக்காகக் காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது தண்ணீர்த் தொட்டி பின்னால் போயிருந்தது.

பாழாய்ப்போன வண்டி, மூன்று மாதமாக ஒருநாள்கூட இப்படி ஏறியதில்லை. விற்கப்போகிற அன்றைக்குத்தானா இதற்கு இளமை திரும்ப வேண்டும்?

வேறு வழி தெரியாமல் வாயால் கெடுக்கத் தொடங்கினார்.

"ஒரு உண்மையச் சொல்லிடறேன் சார். மழை வந்தா டிரைவர் தலையில நேரா ஒழுகும்."

"தொப்பி போட்டுக்கறேன்."

"இடது பக்கக் கதவு உள்ளேருந்து திறக்காது. கண்ணாடிய இறக்கி, கைய வெளிய விட்டுத்தான் திறக்கணும்."

"நல்லதாப் போச்சு. திருட வந்தவன் உள்ளேயே மாட்டிப்பான்."

"ரிவர்ஸ் கியர் விழவே விழாது சார். நானே எப்பவும் நேராப் போற மாதிரி இடமாப் பாத்துத்தான் போவேன்."

மெத்தைக் கடைக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி ரிவர்ஸ் போட்டார். கியர் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.

"இந்தக் காலத்துல இவ்வளவு குறையச் சொல்லி யாரு சார் வண்டி விக்கறாங்க?" என்றார் அவர், கண்கலங்காத குறையாக. "உங்கள மாதிரி நேர்மையான ஆளை நான் பாத்ததே இல்ல."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வண்டியை விற்கிற வருத்தத்தில் அழுகிறாள் என்று அச்சகக்காரர் நினைத்தார். நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

வண்டி சந்துக்குத் திரும்பி வந்து நின்றது. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்தார். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சீரான அதிர்வு. இத்தனை நன்றாக ஓடுகிற தன் வண்டியை, இத்தனை வருஷத்துக்கு அப்புறம், இன்னொருத்தன் ஓட்டிக்கொண்டு போவதா?

"சார், மன்னிச்சுக்குங்க," என்றார். "நான் விக்கல."

"ஏன் சார்?"

"விக்க எனக்கு மனசு இல்ல. இவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம, நேத்து நானே வண்டியக் கெடுத்து வெச்சேன். நீங்க வேணாம்னு சொல்லிட்டுப் போகணும்னுதான். ஆனா நான் கெடுத்தும் அது கெடல. நல்லாயிடுச்சு. எனக்கே ஒண்ணும் புரியல."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"கெடுத்தீங்களா? எப்படிக் கெடுத்தீங்க?" என்று மெத்தைக் கடைக்காரர் ஆர்வமாகக் கேட்டார். விஷயம் தெரியாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்பது போல ஒரு அடி முன்னால் வந்தார்.

அச்சகக்காரர் சட்டைப் பையிலிருந்து கார்டுகளை எடுத்தார். மூன்று கார்டின் வரலாறு முழுவதையும், தகடு தொலைந்தது முதல், கம்பெனிக்காரனின் கவனக்குறைவு வரை, நாலாவது கார்டு, இரண்டு கார்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மெத்தைக் கடைக்காரர் இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, ஒரு பிளக்கைக் கழற்றச் சொல்லி, சந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் ஒரு கார்டை வாங்கி வளைத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"இந்தக் கார்டு ஒண்ணு நான் எடுத்துக்கலாங்களா?"

"தாராளமா. பத்தா எடுத்துக்குங்க. மெத்தைக் கடைக்கு ஏதாவது அடிக்கணும்னா சொல்லுங்க."

"கண்டிப்பா," என்றார் அவர். துணியை மடித்துப் பையில் வைத்தார். "சார், நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? இந்த வண்டிய யாருக்கும் விக்காதீங்க. இனிமே ரெண்டு கார்டோட நிறுத்திக்குங்க. மூணாவதைத் தொடாதீங்க."

"அப்ப சரி, விக்க வேணாம்," என்றாள் மனைவி. அவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

அச்சகக்காரர் வாங்க வந்தவருக்கு நன்றி சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஒரு மெத்தைக் கடைக்காரருக்கு இருக்கிற நல்ல மனசு ஒரு மெக்கானிக்குக்கு வருமா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் அச்சகக்காரர் இளைஞராகிவிட்டார். காரணமே இல்லாமல் மேட்டுப் பக்கம் போய்வந்தார். பஸ்ஸை இரண்டு தடவை முந்தினார். மனைவியைத் தையல் வகுப்புக்குத் தானே கொண்டுபோய் விட்டார். அவள் இறங்கும்போது கதவை வெளியே கைவிட்டுத் திறந்துகொண்டு, "இப்ப நான்தான் சீக்கிரம் வந்துடறேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்னும் நாலு மேடு ஏறலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பார்ட்ஸ் கடைக்கும் போய், கடைக்காரரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"கேட்டுக்குங்க. வண்டிக்கு வயசாக ஆக, பொறி கம்மியாத்தான் தேவைப்படும். நம்ம சாப்பாடு குறையற மாதிரிதான். அதனால கேப்பும் குறையணும். மூணு கார்டு வாலிபத்துக்கு. ரெண்டு கார்டு வயசான காலத்துக்கு. இதை எந்தப் புத்தகத்துலயும் போடல. நானாக் கண்டுபிடிச்சேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அதற்கு மட்டும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

புதன்கிழமை காலை. அச்சகத்தில் மனைவி இல்லை, வெளி வேலையாகப் போயிருந்தாள். காகிதம் வாங்குவதும் அட்டை வாங்குவதும் எப்போதும் அவள் பொறுப்பு. அச்சகக்காரர் மைப்பக்கம் பார்த்துக்கொள்வார். கட்டிங் மெஷினில் இருந்த பெண்மணி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அச்சகக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்கும் வயசான இன்ஜினின் தத்துவத்தை முதலிலிருந்து சொன்னார். அவள் முழுதும் கேட்டாள்.

"சரிங்க சார்," என்றாள் கடைசியில். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். "அக்கா ஒரு விசிட்டிங் கார்டு ஆர்டர் எடுத்து வெச்சிருக்காங்க. முன்னூறு கார்டு. இன்னிக்கே வெட்டணும். எந்த அட்டையில போடறது?"

"இதென்ன கேள்வி? நம்ம வழக்கமா போடறதுலயே போடு. ஊரே புகழுது, மேஜையில தட்டினா சத்தம் வருதுன்னு."

"அதுல வேணாம்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்."

"ஏன்? அந்த அட்டைக்கு என்ன குறை? எடை மாறலையே?"

"எடை மாறல சார், தடிமன்தான் மாறிடுச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி கம்பெனிய மாத்தினோம்ல, இந்தப் புது அட்டை ரெண்டு சேந்தா பழசு மூணுக்குச் சமமாம். கார்டு கேக்கறவரே உங்ககிட்டேருந்து ஒண்ணு வாங்கிட்டுப் போயி அளந்து பாத்து அக்காவுக்குப் போன் பண்ணாராம்," என்றாள் அவள், தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தபடி. "ஞாயித்துக்கிழமை மெத்தைக் கடைக்காரரா வந்தாரே, அந்த மெக்கானிக்தான் சார்."